இரண்டு குழலிலும் கெட்டித் தோட்டா

முதலாவது தண்ணீர். இரண்டாவது கம்பளி. மூன்றாவது மூக்காயி. நான்காவது தோட்டா. ஐந்தாவது சன்னாசி. இந்த வரிசையை மாற்றிச் சொல்கிறவன் யாராக இருந்தாலும் அவன் நிர்வாகத்தின் ஆள். இத்தனை வருஷத்தில் நான் ஒரு தடவைகூட மாற்றிச் சொன்னதில்லை.

உட்காருங்கள் தோழரே. அந்தக் கல்லில் ஈரமில்லை. பஸ் இப்போதைக்குக் கிளம்பாது. பஞ்சர் ஆன டயரைக் கழற்ற ஜாக்கி எங்கே இருக்கிறதென்றே இவர்களுக்குத் தெரியவில்லை. "ஏம்ப்பா டிரைவர்! முன் சக்கரத்துக்குக் கல்லு வச்சியா? வை முதல்ல!" வைத்துவிட்டானாம். முறைக்கிறான் பாருங்கள். நல்லது சொன்னால் முறைப்பார்கள். எனக்குப் பழக்கம்தான்.

உங்கள் தோளில் நீளமாக ஒரு பை தொங்கியதைப் பார்த்துத் துப்பாக்கி என்று நினைத்தேன். அதனால்தான் பக்கத்தில் வந்தேன். ரோடு அளக்கிற கருவிக்கு முக்காலியா? சரி, சரி. நீங்களும் ஒரு கண்ணை மூடிக்கொண்டு மறு கண்ணால் பார்க்கிற ஆள்தான். உங்களுக்குச் சீக்கிரம் புரியும். பேப்பர்காரர்களுக்குத்தான் புரிவதில்லை. பாதியிலேயே டீ குடிக்கப் போய்விடுகிறார்கள்.

வரிசையாகச் சொல்கிறேன். தண்ணீர். மேலே மஞ்சமட்டம் எஸ்டேட்டில் துரை பங்களாவின் ரோஜாச் செடிக்குக் குழாய்த் தண்ணீர், லயத்து வரிசைவீட்டு ஜனங்களுக்கு ஓடைத் தண்ணீர். ஃபேக்டரி கழுவிய தண்ணீரும் அந்த ஓடையில்தான் கலக்கும். துண்டறிக்கை போட்டேன். 'ரோஜாவுக்குத் தாகம், எங்களுக்கு வயிற்றுப்போக்கு'. தலைப்பு நான் வைத்ததுதான். குழாய் வந்தது. அடுத்தது கம்பளி. மழைக்கு முன்னால் கொடுக்கவேண்டிய கம்பளியை மழை விட்ட பிறகு கொடுத்தார்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் அந்தப் பக்கம் நிற்கிறவனின் மூக்கும் முழியும் தெரியும். அதற்கும் துண்டறிக்கை. நல்ல கம்பளி வந்தது.

நான் பள்ளிக்கூடத்தில் படித்தது கொஞ்சம்தான். மிச்சமெல்லாம் துண்டறிக்கையில் படித்தது. புத்தகம் எதற்கு? துண்டறிக்கையை மடித்துச் சட்டைப்பையில் வைக்கலாம். நனைந்தால் அடுப்பு மேட்டில் உலர்த்தலாம். சொல்லவேண்டியதை முதல் பக்கத்திலேயே சொல்லிவிடும்.

மூன்றாவது மூக்காயி. இங்கேதான் நீங்கள் கவனமாகக் கேட்கவேண்டும்.

மஞ்சமட்டத்தில் ஒரு ஒற்றைக் காட்டெருமை திரிந்தது. கூட்டத்திலிருந்து கழித்துவிட்ட கிழடு. நல்ல கறுப்பு, முட்டிக்குக் கீழே வெள்ளை. ஆளைக் கண்டால் ஒரு சீறல் சீறிவிட்டு வழியை விட்டுப் போய்விடும். யாரையும் தொட்டதில்லை. அதைச் சின்னதுரை, அதாவது உதவி மானேஜர், சுட்டார். முத்தண்ணா என்று பெயர், குடகுக்காரர். பிள்ளை பிறந்தால் வானத்தைப் பார்த்துத் துப்பாக்கி வெடிக்கிற ஊர். வேட்டைக்கு அவரிடம் லைசென்ஸ் உண்டு. அந்தக் காலத்தில் கொடுத்தார்கள். ஒரு சாயங்காலம் சுட்டார். குண்டு தோள்பட்டையில் பட்டது. மாடு விழவில்லை. ரணத்தோடு சோலைக்குள் போய்விட்டது. மறுநாள் தேடினாராம். மழை ரத்தத்தைக் கழுவிவிட்டதாம். மழை மேல் பழி போடுவதற்கு மட்டும் இவர்களுக்கு லைசென்ஸே வேண்டாம்.

பத்து நாள் இருக்கும். மூக்காயி நிரைக் கடைசியில் கொழுந்து எடுத்துக்கொண்டிருந்தாள். சோலையை ஒட்டிய தேயிலைக் காடு. செடிக்குள்ளிருந்து வந்தது. கூடையோடு தூக்கி எறிந்துவிட்டது. வனவிலங்கு செய்ததற்கு நிர்வாகம் பொறுப்பல்ல என்று எழுதி ஒட்டினார்கள். காயப்பட்ட மாட்டைக் காட்டில் விட்டது யார் தோழரே? வனவிலங்கா? இந்த இடத்தில் என் பேச்சில் ஒரு சொல் தவறு உண்டா? சொல்லுங்கள்.

இல்லையல்லவா? சரி. நான்காவது, தோட்டா.

பெண்கள் காட்டுக்குப் போக மறுத்துவிட்டார்கள். கொழுந்து முற்றிக்கொண்டிருந்தது. பெரியதுரைக்கு அதுதான் கவலை. முத்தண்ணாவே போய் மாட்டை முடிப்பார் என்று சொல்லி அனுப்பினார். சங்கச் செயலாளர் நான். சும்மா விடுவேனா? பட்டாணி பொட்டலம் கட்டி வந்த காகிதம் ஒன்று என்னிடம் இருந்தது. தோட்டா கம்பெனி விளம்பரம். யானைப் படம் போட்டிருந்தது. மருந்தகத்து டிரெஸ்ஸர்தான் வாசித்துச் சொன்னார். இரண்டு ஜாதித் தோட்டா இருக்கிறது. ஒன்றுக்கு மூக்கில் ஈயம். பட்டதும் குடை மாதிரி விரிந்து அங்கேயே நின்றுவிடும். இன்னொன்று தலையிலிருந்து அடிவரை செம்புக் கவசம் போட்டது. விரியாது, எலும்பிருந்தாலும் நேராகப் போகும். கெட்டித் தோட்டா. எனக்கு உடனே விளங்கிவிட்டது. மூக்காயியைக் கொன்றது மாடல்ல, ஈயமூக்கு!

அடுத்த பக்கமா? அடுத்த பக்கம் பட்டாணிக்காரரிடமே இருந்திருக்கும். முதல் பக்கத்தில் சொல்லத் தெரியாதவன் இரண்டாம் பக்கத்தில் என்ன சொல்லிவிடப் போகிறான்?

ஆபீஸ் வராந்தாவில் பேச்சுவார்த்தை. வாசலில் லயமே திரண்டு நிற்கிறது. நான் இரண்டு கோரிக்கை வைத்தேன். ஒன்று, இரண்டு குழலிலும் கெட்டித் தோட்டா. இரண்டு, தொழிலாளர் தரப்பில் ஒரு சாட்சி. துரை எங்கே நின்று சுடுகிறார், குண்டு எங்கே படுகிறது என்று கண்ணால் பார்த்து வந்து சொல்ல.

முத்தண்ணா என்னைப் பார்த்தார். "தங்கப்பழம், உனக்குத் துப்பாக்கி தெரியுமா?" என்றார். 'நீ' என்றுதான் சொன்னார். பேர் சொல்லித்தான் கூப்பிட்டார்.

"எனக்குத் துப்பாக்கியைத் தெரியாது. துப்பாக்கிக்கு எங்களைத் தெரியும்" என்றேன்.

வாசல் முழுக்கச் சிரிப்பு. மருந்தகத்து டிரெஸ்ஸர்கூட வாயைப் பொத்திக்கொண்டார். முத்தண்ணா மட்டும் சிரிக்கவில்லை. "அன்னைக்குத் தப்பு தோட்டா மேல இல்ல, என் மேல" என்றார். "வெளிச்சம் போயிட்டிருந்துச்சு. மாடு முகத்தைக் காட்டிட்டு நின்னுச்சு. பக்கவாட்டுல திரும்புற வரைக்கும் நான் காத்திருக்கணும். காத்திருக்கல."

கேட்டீர்களா தோழரே? தோட்டாவைக் காப்பாற்றத் தன்னையே விட்டுக்கொடுக்கிறார்! இந்தத் தந்திரத்தை நான் எத்தனை துண்டறிக்கையில் படித்திருக்கிறேன்.

பிறகு எனக்குப் பாடம் எடுத்தார். வராந்தாச் சுவரில் விரலால் மாடு வரைந்து காட்டினார். "இங்க பாரு. காட்டெருமைக்கு முதுகு மேடு உசரம். அந்த உசரத்தைப் பார்த்து நடுவுல குறி வச்சா குண்டு மேல போயிடும். முன்னங்காலைப் பிடிச்சுக்கிட்டே கண்ணை மேல கொண்டு வரணும். உடம்புல மூணுல ஒரு பங்கு. காலுக்குச் சரியாப் பின்னால. அங்கதான் நெஞ்சு. அந்த இடத்துல ஈயமூக்குப் பட்டா உள்ளயே விரிஞ்சு நின்னுடும், மாட்டைத் தாண்டாது. கெட்டித் தோட்டா நிக்காது. இந்தப் பக்கம் பூந்து அந்தப் பக்கம் போகும். அது யானை மண்டைக்குச் செஞ்சது."

"போகட்டுமே! ஆழமாகப் போகத்தானே கேட்கிறோம்!" என்றேன்.

கைதட்டல். மலை திரும்பத் தட்டியது.

அவர் இறங்கி வந்தார். "முதல் குழல்ல ஈயமூக்கு வைக்கிறேன். ரெண்டாவதுல கெட்டி வைக்கிறேன். விழாம ஓடினா ரெண்டாவது. வேட்டைக்காரன் எல்லாரும் அப்படித்தான் வைப்பான்" என்றார். நான் விடவில்லை. பாதிக் கோரிக்கையை வாங்கிக்கொண்டு போகிறவன் முழுக் கோரிக்கையையும் புதைக்கிறான். இது நான் எழுதியதுதான், கம்பளிப் போராட்டத்தின்போது. இரண்டு குழலிலும் கெட்டி என்றால் கெட்டிதான் என்று நின்றேன். உள்ளே இருந்த பெரியதுரைக்குக் கொழுந்து ஞாபகம். "கேக்கறதைக் குடுத்துத் தொலைங்க, முத்தண்ணா" என்று கத்தினார். முடிந்தது. வென்றோம். ஒரு தோட்டத் தொழிலாளர் சங்கம் துரையின் துப்பாக்கிக்குள் என்ன போகவேண்டும் என்று தீர்மானித்தது. இந்த மலையில் அதற்கு முன்னும் இல்லை, பின்னும் இல்லை.

முத்தண்ணா எழுந்து போகும்போது ஒன்று சொன்னார். "சரி. ஆனா சாட்சி என் முதுகுக்குப் பின்னாலதான் நிக்கணும். ஒரு அடி தள்ளி நிக்கக்கூடாது." நான் தலையை ஆட்டினேன். தலையாட்டுவது ஒப்பந்தமாகாது. கையெழுத்துதான் ஒப்பந்தம். அவர் கையெழுத்துக் கேட்கவில்லை.

"என்னப்பா, போல்ட் சுத்துதா? வலப்பக்கமாச் சுத்தாத, இறுகிக்கும்! இடப்பக்கம்!" இடப்பக்கம்தான் சுற்றுகிறானாம். இருக்கட்டும்.

சாட்சி யார்? சன்னாசி. வேறு யார்? என் பின்னால் அத்தனை பேர் இருந்தார்கள், ஆனால் சன்னாசி மாதிரி ஒருத்தன் இல்லை. கூட்டம் என்றால் முதலில் வந்து கூட்டம் கலைந்து பாய் சுருட்டுகிறவரை நிற்பான். விறகுக்குப் போய்ப்போய் அந்தச் சோலை அவனுக்கு வீட்டுக் கொல்லை மாதிரி. ராஜபாளையத்துப் பக்கம் ஊர். அவன் வாசலுக்குப் போய்ச் சொன்னேன். பிள்ளையைத் தோளில் போட்டுத் தட்டிக்கொண்டிருந்தான்.

"தொரை பின்னால நிக்கச் சொன்னதாப் பேசிக்கிறாகளே அண்ணாச்சி?" என்றான்.

"ஏலே, தொரை பின்னால நின்னா தொரை முதுகுதாம்ல தெரியும். நீ முதுகைப் பாக்கவா போற? தொரையும் தெரியணும், மாடும் தெரியணும். அதுக்கு எதுத்தாப்புல நிக்கணும்."

"எதுத்தாப்புலயா? மாடுல்ல நடுவுல நிக்கும்?"

"நிக்கட்டும். அங்க பாறை இருக்குல்லா, அதுக்குப் பின்னால இரி."

"பாறைக்குப் பின்னால இருந்தா என்னத்தத் தெரியும்?"

"தலையத் தூக்கிப் பாரு."

சிரித்தான். "நான் தலையத் தூக்குனா மாடு என்னையப் பாத்துட்டு அதுவும் சங்கத்துல சேரணும்னு வந்துரும் அண்ணாச்சி."

அவன் பெண்சாதி அங்கம்மா உள்ளேயிருந்து அகப்பையோடு வந்தாள். அவளுக்கு எப்போதும் ஒரு கேள்வி இருக்கும். "நாளைக்குப் பெரட்டுல நிக்கலன்னா பேர வெட்டிருவாகளே?" என்றாள். காலையில் களத்தில் எல்லோரும் கூடுவார்கள். கணக்கப்பிள்ளை ஒவ்வொரு பெயராக வாசிப்பார், ஆள் குரல் கொடுக்கவேண்டும். அதுதான் பெரட்டு. குரல் வராவிட்டால் அன்றைக்கு அந்த ஆள் எஸ்டேட்டிலேயே இல்லை என்று கணக்கு.

"இது சங்க வேலைம்மா. அவன் பேரு எங்கயும் போகாது" என்றேன்.

"அதில்ல. அவரு நீங்க என்ன சொன்னாலும் செய்வாரு அண்ணாச்சி. அதான் பயமா இருக்கு."

பாருங்கள். அன்றைக்கே அவளுக்கு அவநம்பிக்கை. நிர்வாகம் எங்கே புகுந்ததென்று பிறகு நான் கணக்குப் போட்டபோது இந்தப் பேச்சுதான் ஞாபகத்துக்கு வந்தது.

மறுநாள் காலை. சோலைக்கு நடுவில் ஒரு சதுப்பு. கிண்ணம் மாதிரி. மாடு ரணத்தோடு அங்கேதான் படுத்துக் கிடந்தது என்று சன்னாசியே சொல்லியிருந்தான். முத்தண்ணா முன்னால், சன்னாசி பின்னால், உள்ளே போனார்கள். நாங்கள் ரோட்டில். நான் போகவில்லை. செயலாளர் சோலைக்குள் போகக்கூடாது. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் பேச்சுவார்த்தை நடத்துவது யார்?

வெகுநேரம் சத்தமே இல்லை. ஒரு கருங்குருவி மட்டும் கத்திக்கொண்டிருந்தது. கொஞ்சம் பயமாகத்தான் இருந்தது, மறைக்கவில்லை. கோரிக்கையை விட்டுவிட்டு முத்தண்ணா ஈயமூக்கே போட்டிருந்தால்? பிறகு வெடித்தது. ஒன்றே ஒன்று. மரத்திலிருந்து பனி கொட்டியது. கொஞ்ச நேரம் காது கொடுத்துக் கேட்டோம். இரண்டாவது வெடிக்கவில்லை. ஒரே குண்டில் மாடு விழுந்துவிட்டது என்று புரிந்ததும் ஜனங்கள் கத்திய கத்தல்! "கெட்டித் தோட்டா!" என்று ஒருத்தி குரவை போட்டாள். என்னைத் தூக்கப் பார்த்தார்கள். நான் விடவில்லை. அடக்கம் வேண்டும்.

அப்போதுதான் முத்தண்ணா கத்துவது கேட்டது. தமிழில் கத்தவில்லை. அவர் பாஷையில்.

வெளியே வந்தபோது சன்னாசியை முதுகில் போட்டிருந்தார். துப்பாக்கி கையில் இல்லை. உள்ளேயே எறிந்துவிட்டு வந்திருந்தார். துரைமார் துப்பாக்கியை எறிந்து நான் பார்த்ததில்லை. "மாடு குத்திருச்சா?" என்று யாரோ கேட்டார்கள். அவர் என்னைத்தான் பார்த்தார். "மாடு செத்துப்போச்சு. பின்னாலதான் இருந்தான். நான் துப்பாக்கியத் தூக்கி, மாடு பக்கவாட்டுல திரும்பட்டும்னு காத்திருக்க ஆரம்பிக்கிற வரைக்கும் பின்னாலதான் இருந்தான். எப்போ சுத்திப் போனான்? எதுக்குடா அந்தப் பக்கம் போனான்? சொல்லு தங்கப்பழம், எதுக்குப் போனான்?" என்று உலுக்கினார்.

நிர்வாகம் கேட்கிற கேள்விக்குச் சங்கம் உடனே பதில் சொல்லக்கூடாது. யோசித்து எழுத்தில்தான் கொடுக்கவேண்டும்.

ரோட்டில் கிடத்தினார்கள். வயிற்றில் பட்டிருந்தது. சன்னாசிக்கு நினைவு இருந்தது. என் கையைப் பிடித்தான். "பாத்துட்டேன் அண்ணாச்சி" என்றான். "தொரை மரத்தடியில நின்னாரு. பக்கந்தான். குண்டு முன்னங்காலுக்குப் பின்னால... சரியான எடம். ரெண்டையும் பாத்தேன்." பிறகு தண்ணீர் கேட்டான். மருந்தகம் வரைக்கும் போகவில்லை, பாதி வழியிலேயே முடிந்துவிட்டது.

சாட்சியைச் சொல்லிவிட்டுத்தான் போனான் தோழரே. சங்கம் அவனிடம் ஒப்படைத்த வேலையில் ஒரு குறை வைக்கவில்லை. அந்த மாதிரித் தொண்டனை இனிமேல் யார் உருவாக்கப் போகிறார்கள்?

மத்தியானம் நானே போய் மாட்டைப் பார்த்தேன். இந்த விலாவில் ஒரு துளை, அந்த விலாவில் ஒரு துளை. இரண்டும் ஒரே அளவு, விரல் நுழைகிற அளவு. விரியவே இல்லை. அந்தப் பக்கம் பாறை. பாறைக்கு முன்னால்தான் அவன் இருந்திருக்கிறான், பின்னால் அல்ல. பின்னால் இருந்தால் தெரியாதென்று இறங்கி வந்திருக்கிறான். ரத்தம் அங்கேதான் கிடந்தது. அப்போதே எனக்கு விளங்கிவிட்டது. எந்தப் பக்கம் நின்று சுடுவது என்பது சுடுகிறவன் கையில்தானே இருக்கிறது? சதுப்பைச் சுற்றி நாலு பக்கம் இருக்கிறது. அந்த ஒரு பக்கம் ஏன்? கெட்டித் தோட்டா கேட்டோம். ஆமாம், கேட்டோம். மாட்டைத் துளைக்கக் கேட்டோம், மனுஷனைத் துளைக்கவா கேட்டோம்?

என்ன செய்கிறீர்கள்? எதற்கு மண்ணில் கோடு போடுகிறீர்கள்? இது துரை, இது மாடு, இது சன்னாசி. மூன்றும் ஒரே கோட்டில் வருகிறது, அதைத்தானே சொல்ல வருகிறீர்கள்? எதிரே நின்று இரண்டையும் பார்ப்பதென்றால் எங்கே நின்றாலும் இந்தக் கோடுதான் வருமா? இது ரோடு அளக்கிற வேலை அல்ல தோழரே. இது வர்க்கப் பிரச்சினை. இதோ, காலால் அழித்துவிட்டேன். இப்போது கேளுங்கள்.

ஐந்தாவது, சன்னாசி. அன்று பெரட்டில் அவன் குரல் கொடுக்கவில்லையே, அதனால் அவன் வேலைக்கு வராமல் தன்னிஷ்டத்துக்குக் காட்டுக்குள் போன ஆள் என்று ஆபீஸில் எழுதினார்கள். வேலையில் சாகாதவன் குடும்பத்துக்கு லயத்தில் வீடு கிடையாது. அங்கம்மாவைக் காலி செய்யச் சொல்லி ஆள் வந்தது. தோளில் பிள்ளையோடு எங்கே போவாள்? வேலைநிறுத்தம் அறிவித்தேன். ஒருத்தர்கூடக் காட்டுக்கு இறங்கவில்லை. அப்படி ஒரு நிறுத்தம் நீங்கள் பார்த்திருக்கமாட்டீர்கள்.

முத்தண்ணா தானே ஆபீஸில் போய், அவன் என் வேலைக்குத்தான் வந்தான் என்று எழுதிக் கொடுத்தாராம். நடிப்பு. நிர்வாகம் அதைப் பிடித்துக்கொண்டு இறங்கி வந்தது. சன்னாசி வேலையில் இறந்ததாகப் பெயரை ஏற்றுகிறோம், வீடு அங்கம்மாவுக்கு, அவன் இடத்தில் அவளுக்கு வேலை என்று சொல்லி அனுப்பினார்கள்.

நான் மறுத்துவிட்டேன்.

ஏன் என்றா கேட்கிறீர்கள்? வீடு கொடுத்தால் கொலை மறைந்துவிடுமா? எனக்கு வேண்டியது ஒன்றுதான். சன்னாசி சாவுக்குக் காரணமானவன் பெயரைப் பெரட்டுக்களத்தில், அத்தனை தொழிலாளிக்கும் முன்னால், கணக்கப்பிள்ளை வாயால் உரக்க வாசிக்கவேண்டும். எங்கள் பெயரை வருஷக்கணக்கில் ஆடுமாட்டை எண்ணுகிற மாதிரி வாசித்தார்களே, அதே இடத்தில் ஒரு நாள் குற்றவாளியின் பெயர் கேட்கட்டும். அந்தத் துண்டறிக்கைக்கு 'வாசி அந்தப் பெயரை' என்று தலைப்பு. அதுதான் நான் எழுதியதிலேயே சிறந்தது.

அங்கம்மா வந்தாள். நான் அச்சடிக்கக் காகிதம் எண்ணிக்கொண்டிருந்தேன். நின்றுகொண்டே இருந்தாள்.

"அண்ணாச்சி, வீடு குடுக்கேன்னு சொல்லுதாகளாமே. வாங்கிக்கிருவோம். பேரு வாசிச்சு எனக்கு என்ன ஆகப்போகுது?"

"நீ கலங்கிப்போயிருக்கம்மா. இது ஒன் வீட்டுப் பிரச்சினை இல்ல. வர்க்கத்தோட பிரச்சினை."

"எம்புள்ள எந்த வர்க்கத்துல படுக்கும் அண்ணாச்சி, ராத்திரிக்கு?"

துக்கத்தில் ஜனங்கள் பேசுவதைப் பெரிதாக எடுக்கக்கூடாது. பொறுமையாக விளக்கினேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டுக் கடைசியில், "அவர எங்க நிக்கச் சொன்னீக?" என்றாள்.

"எல்லாம் பாக்குற எடத்துல" என்றேன்.

"ம்" என்றாள். போய்விட்டாள். அதற்கப்புறம் என் வாசலுக்கு வரவில்லை.

"டயர ஏத்தியாச்சா? ஜாக்கிய இறக்கு, மெதுவா இறக்கு!" இதோ, முடித்துவிடுகிறேன். இருங்கள், நீங்கள் ஏறினால் நடுவில் நாலு பேர் வந்து நிற்பார்கள். கடைசிதான் முக்கியம்.

லேபர் ஆபீசர் மேலே வந்தார். மூன்று தரப்பும் மேஜையில். பெயர் வாசிக்கிறதென்றால் யார் பெயரை என்று யார் முடிவு செய்வது என்று கேட்டார். நிர்வாகம் ஒரு பெயர் சொல்லும், சங்கம் ஒரு பெயர் சொல்லும் என்று இழுத்தார். அங்கேதான் நான் என் திறமையைக் காட்டினேன். "நிர்வாகமும் சொல்லவேண்டாம், சங்கமும் சொல்லவேண்டாம். புருஷனைப் பறிகொடுத்தவள் சொல்லட்டும். அங்கம்மா சொல்கிற பெயரைக் கணக்கப்பிள்ளை வாசிக்கட்டும். அந்தப் பெயர் யாராக இருந்தாலும் சங்கம் ஏற்கும், மறுநாளே வேலைக்குத் திரும்பும்" என்றேன். பெரியதுரை ஏதோ சொல்ல வாயைத் திறந்தார். முத்தண்ணா அவரைத் தடுத்து, "ஒத்துக்கிறோம்" என்றார். அவ்வளவு சீக்கிரம். எதிரி அவ்வளவு சீக்கிரம் ஒத்துக்கொண்டால் என்ன அர்த்தம்? நம்முடைய அடி அவ்வளவு பலம் என்று அர்த்தம். அன்றைக்கு அப்படித்தான் எடுத்துக்கொண்டேன்.

முத்தண்ணா அதோடு நிற்கவில்லை. எழுந்து போகும்போது வாசலில் நின்ற அங்கம்மாவிடம், "என் பேரைச் சொல்லும்மா. சுட்டது நான்தான்" என்று சொல்லிவிட்டுப் போனார். எத்தனை பேர் காதில் விழுந்தது தெரியுமா? நானே கேட்டேன். அப்புறம் என்ன சந்தேகம்? அவளைக் கூப்பிட்டு ஒரு வார்த்தைகூட நான் சொல்லவில்லை. சொல்லிக் கொடுத்துவிட்டேன் என்று பேச்சு வரக்கூடாது பாருங்கள். அவள் உள்ளே போய் ஆபீசரிடம் சொன்னாள். எழுதிக்கொண்டார்கள். ஒரு பெயர்தானே, சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? உடனே வெளியே வந்துவிட்டாள். என்னைத் தாண்டித்தான் போனாள். அவளை விலைக்கு வாங்கிவிட்டார்கள் என்பதை அந்த நடையிலேயே நான் கண்டுபிடித்திருக்கவேண்டும். முழுக்கதையும் கேட்ட பிறகு நீங்களும் அதைத்தான் சொல்வீர்கள். எல்லோரும் சொல்கிறார்கள். சொல்லாதவர்கள் பாதியில் எழுந்து போகிறவர்கள்.

மறுநாள் காலை பெரட்டுக்களம். பனி. அத்தனை பேரும் வந்திருந்தார்கள். கைப்பிள்ளைக்காரிகள், நோயாளிகள், ஓய்வு பெற்றவர்கள்கூட. தப்பட்டைக்காரர்களைத் தயாராக நிற்கச் சொல்லியிருந்தேன். பெயர் வந்ததும் அடிக்கவேண்டும். துண்டைச் சரிசெய்துகொண்டு முன்வரிசையில், மேட்டில் நின்றேன். எனக்கு எதிரே முத்தண்ணா. தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்திருந்தார். அங்கம்மா பிள்ளையோடு பெண்கள் பக்கம், தலையை நிமிர்த்திக்கொண்டு. அவள் அவரைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் அவளுக்குத் தைரியமாகத் தலையாட்டினேன்.

கணக்கப்பிள்ளை காகிதத்தைப் பிரித்தார். ஒரு தரம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு தினமும் வாசிக்கிற அதே ராகத்தில், வாசித்துவிட்டு ஆள் குரல் கொடுக்கட்டும் என்று காத்திருக்கிற அதே ராகத்தில், களம் முழுக்கக் கேட்கும்படி வாசித்தார்:

"தங்கப்பழம்."